நீல ஒளியில் ஜெல் பல்லை வெளுக்கவில்லையா? பெராக்சைடை ஏற்ற வேண்டாம்

வணக்கம். 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லில், ஒளியை உறிஞ்சி வெளுப்பைத் தூண்டும் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்து, 450 நானோமீட்டர் நீல எல்இடி அடித்தும் பல் வெளுக்கவில்லை, பெராக்சைடை 35 சதவீதத்துக்கு ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஏற்றாதீர்கள், முதல் சிக்கல் அங்கே இல்லை. சாதாரண அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புறஊதா ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும், நீல ஒளியில் அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அதற்காகப் புறஊதா விளக்குக்கும் போய்விடாதீர்கள், ஈறும் உதடும் கண்ணும் பக்கத்திலேயே இருக்கின்றன. நைட்ரஜன் சேர்த்த வகையை முயன்று பாருங்கள், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு உறிஞ்சும்.

அப்புறம் பிஎச், அதாவது அமில கார அளவு. பெராக்சைடு கெடாமல் இருக்க ஜெல்லை அமிலமாக வைப்பது வழக்கம், ஆனால் சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும், அதனால் அமிலத்தைத் தணிக்கும் காரப் பகுதியைத் தனிக் குழலில் வைத்துப் பூசும் நேரத்தில் கலக்கும்படி செய்யுங்கள்.

வெப்பத்தை அளந்தீர்களா? பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழ் அறைக்குள் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியை வைத்துப் பாருங்கள். 5.5 டிகிரி செல்சியஸ் ஏற்றம் ஆபத்து என்ற வரம்பு 1965இல் சாக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் குரங்குப் பற்களில் செய்த ஆய்விலிருந்து வந்தது, பழையதுதான், ஆனாலும் அதைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

ஒளி மட்டும், ஜெல் மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்று சோதனைத் தொகுதிகளும் கட்டாயம் வேண்டும். நிறத்தை உடனே அளக்காதீர்கள், உலர்ந்த பல் தானாகவே வெளுப்பாகத் தெரியும், செயற்கை எச்சிலில் ஒரு வாரம் வைத்துவிட்டு அளங்கள். அதுவரை பிடுங்கிய பற்களில் மட்டும் செய்யுங்கள், யார் வாயிலும் வேண்டாம்.