பெஞ்ச் பிரஸ் அடிக்கும்போது முதுகை வளைக்கலாமா, இல்ல அது ஏமாத்து வேலையா?

பெஞ்ச்ல மல்லாக்க படுத்து ராட நெஞ்சு வரைக்கும் இறக்கி மேல தள்ளுறதுதானே பெஞ்ச் பிரஸ், அதுல முதுக வளைக்கலாம், தாராளமா வளைக்கலாம். நீங்க இப்படி கேக்குறீங்கன்னா உங்க ஜிம்லயும் எவனோ ஒருத்தன் "ப்ரோ, முதுகு தூக்குது ப்ரோ"ன்னு சொல்லி குழப்பி விட்டிருக்கான்னு நினைக்கிறேன். அந்த ஆளு அநேகமா பெஞ்சே அடிக்க மாட்டான், கேபிள் மெஷின் கிட்ட போனை நோண்டிட்டு நிப்பான்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்ல, பிசியோவும் இல்ல, காலைல செட் முடிச்சிட்டு சிப்காட்டுக்கு ஓடுற ஆளு, அதனால கீழ வந்து சர்டிஃபிகேட் கேக்காதீங்க.

நான் போறது கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஜிம். மாஸ்டர் பழைய ஆளு, நல்ல மனுஷன்தான், ஆனா பெஞ்ச்ல படுத்தா இடுப்புக்கு அடியில கைய விட்டுப் பாப்பாரு, கை உள்ள போச்சுன்னா திட்டுதான். "முதுகு ஒட்டணும்டா, இல்லன்னா எலும்பு நவுந்து ஜிப்மர்லதான் போய் படுப்ப"ம்பாரு. அவரு சொன்னபடி காலையும் பெஞ்ச் மேல தூக்கி வெச்சுகிட்டுதான் ரொம்ப நாள் அடிச்சேன், முதுகுக்கு ஒண்ணும் ஆகல, தோள்பட்டைல முன்பக்கம்தான் வலி புடிச்சுது, சட்டை மாட்ட கைய பின்னாடி கொண்டு போனா சுரீர்னு இழுக்கும்.

பாண்டி லாஸ்பேட்டைல எங்க பெரியப்பா பையன் பவர்லிஃப்டிங் பண்றாரு, அதாவது யாரு அதிக வெயிட்டு தூக்கறாங்கங்கற போட்டி. அவருகிட்ட சொன்னதும் சிரிச்சாரு. "ராடை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னாடி இழுத்து ஒட்டுடா, அப்படியே இடுப்பு பக்கமா இறக்கி பெஞ்ச்ல அழுத்து, நெஞ்ச மேல ஏத்து, பாதத்த தரையில முழுசா ஊனு"ன்னாரு. அவ்ளோதான், அதப் பண்ணாலே முதுகு தானா வளையுது, வளைக்கணும்னு தனியா மெனக்கெட வேண்டியதே இல்ல. ராடு நெஞ்சுக்கு வர்றப்ப தோள் முன்னாடி தள்ளாது, முழங்கையும் அகலமா விரியாம உடம்பு பக்கமா கொஞ்சம் ஒடுங்கி வரும். என் வலி போனதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்றேன், நம்பாதவங்க நம்ப வேணாம்.

முதுகெலும்பு உடைஞ்சிடும்ங்கற பயத்துக்கு வருவோம். ராட தோள்ல வெச்சு உக்காந்து எந்திரிக்கற ஸ்குவாட்ல வெயிட்டு மேல இருந்து நேரா முதுகெலும்பு வழியா இறங்குது, பெஞ்ச்ல அப்படி இல்ல, கை வழியா தோளுக்கு வந்து மேல் முதுகு வழியா பெஞ்சுக்குப் போயிடுது. இடுப்பு பக்கம் அந்தரத்துல இருந்தாலும் ராடோட வெயிட்ட அது தாங்கல. வளைவு மேல் முதுகுல இருந்து வரணும், அத விட்டுட்டு இடுப்ப மட்டும் முறுக்கினா வலிக்கத்தான் செய்யும். ஏற்கனவே டிஸ்க் பிரச்சனை இருக்கறவங்க என் பேச்ச கேக்காதீங்க, டாக்டர பாருங்க.

ஏமாத்து வேலையாங்கற கேள்விதான் என்னை உசுப்பிடுச்சு. பவர்லிஃப்டிங்ல ஐபிஎஃப்னு சர்வதேச சம்மேளனம் இருக்கு, அவங்க ரூல் என்னன்னா தலை, தோள், புட்டம் மூணும் பெஞ்ச்ல பட்டுட்டே இருக்கணும், பாதம் தட்டையா ஊனியிருக்கணும், ராடு நெஞ்சுல அசையாம நின்ன பிறகுதான் ரெஃப்ரி "பிரஸ்"னு சொல்வாரு. முதுகு வளையக்கூடாதுன்னு ரூலே கிடையாது. ரீல்ஸ்ல சில பேரு வில்லு மாதிரி வளைஞ்சு ராடு நாலு விரக்கடை இறங்குறதுக்குள்ள முடிச்சிடறாங்களே, அதுக்கும் 2023ல கடிவாளம் போட்டாங்க, முழங்கையோட அடிப்பக்கம் தோள்மூட்டோட மேல்மட்டத்துக்காவது இறங்கியே ஆகணும். போட்டிக்கு போகாம செஸ்ட்டுக்காக அடிக்கறவங்களுக்கு அவ்ளோ பெரிய வளைவு தேவையில்ல, ராடு இறங்குற தூரம் குறைஞ்சா நமக்குத்தான் நஷ்டம்.

எங்க ஜிம்ல நான் 80 கிலோ போட்டு நெஞ்சுல நிறுத்தி தூக்கினதுக்கு ஒருத்தன் "முதுக வளைச்சு ஏமாத்துறாரு"ன்னான். அவன் 60 போட்டு, ராட டம்முனு நெஞ்சுல போட்டு எகிற விட்டு, புட்டம் பெஞ்ச விட்டு ஒரு அடி எழும்ப, தலைமாட்டுல துணைக்கு நின்னு ஸ்பாட் புடிக்கறவன் பாதி தூக்கி குடுத்து ஏத்துவான், அது மட்டும் சுத்தமாம்!

இன்னொண்ணு, எங்க பெஞ்ச்ல ரெக்சின் கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி வெச்சிருக்காங்க. கடலூர் புழுக்கத்துல வேர்த்து ஊத்துதா, அந்த டேப்ல முதுகு தலைப்பக்கமா வழுக்கிட்டே போயி மூணாவது தடவ தூக்கறப்பவே தோள் புடி விட்டுடும். ஒரு பழைய காட்டன் பனியன மடிச்சு தோளுக்கு அடியில விரிச்சுக்கோங்க, வழுக்காது. ஏசி போட்டோம்னு மாசம் முந்நூறு ஏத்தினாங்க, அதுல அந்த ரெக்சின மாத்தலாமேன்னு ஓனர கேட்டா "பாக்கலாம் தம்பி"ங்கறாரு. காலை பேட்ச்சுக்கு அந்த ஏசிய போடறதே இல்ல.