கடனை ‘ரைட் ஆஃப்’ செய்வது என்றால் என்ன?

ரைட் ஆஃப் என்பது, திரும்பி வராது என்று தெரிந்த கடனை, கொடுத்தவர் தன் சொத்துக் கணக்கிலிருந்து (கொடுத்த கடன் வரவேண்டிய பணம் என்பதால் அதுவும் சொத்தே) நீக்கி, அத்தொகையை நட்டமாக ஏற்றுக்கொள்வதாகும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால், இந்திய வங்கிகள் அக்கடனை வாராக்கடன் வகையில் சேர்த்து, லாபத்திலிருந்து அதற்காகச் சிறிது சிறிதாக ஒதுக்கத் தொடங்குகின்றன. முழுத் தொகைக்கும் ஒதுக்கிய பிறகும் அதைச் சொத்தாகவே காட்டிக்கொண்டிருந்தால் ஐந்தொகை (சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் பாலன்ஸ் ஷீட்) உண்மை நிலையைச் சொல்லாது.

ஊரைவிட்டுப் போனவரின் 2,400 ரூபாய்ப் பாக்கியைப் பற்று நோட்டில் அடித்துவிட்டு, மளிகைக் கடைக்காரர் ‘காந்தி கணக்கில் எழுதியாயிற்று’ என்பார். இதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் வழக்கை நான் கேட்டதில்லை. ஆனாலும் அந்த ஆள் பொங்கலுக்கு ஊர் வந்தால், கடைக்காரர் பாக்கியைக் கேட்காமல் விடமாட்டார்.

பலரும் இதைத் தள்ளுபடி என்றே எண்ணிவிடுகிறார்கள்: 2008ஆம் ஆண்டின் விவசாயக் கடன் தள்ளுபடியில் சிறு, குறு விவசாயிகளின் தகுதியான கடன் பொறுப்பே நீங்கியது, ரைட் ஆஃபிலோ, வாங்கியவர் கடனாளியாகவே நீடிக்கிறார், அடமானச் சொத்தை வங்கி ஏலம் விடவும் முடியும்.