கேளுங்கள், சொல்கிறோம்: தூக்கிப் போடுவதற்கு முன்

கேள்வி: மிக்ஸிக்கு கப்ளர் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்கிறான் மகன். வாங்கிவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. கப்ளர் அடிக்கடி போகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஜாரில்தான் இருக்கும். காலி ஜாரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் பல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினாலோ, லொடலொடவென்று ஆடினாலோ, சட்னி அரைக்கும்போது அடியில் தண்ணீர் கசிந்தாலோ புஷ், அதாவது ஜாரின் அடியில் பிளேடுத் தண்டைத் தாங்கும் சின்னக் குழாய், போய்விட்டது என்று அர்த்தம். பிளேடு இறுகி நிற்க, கீழே மோட்டார் விடாமல் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்டு அறுபடுவது கப்ளர். அது அறுபடுவதால்தான் மோட்டார் தப்பிக்கிறது. கடையில் "கப்ளர் மாத்துங்க" என்று மட்டும் சொல்லாமல் புஷ்ஷையும் மாற்றச் சொல்லுங்கள். மோட்டார் நன்றாக ஓடுகிற மிக்ஸியைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது.

கேள்வி: எங்கள் ஊர்க் கடலில் பவளத்தை நட்டு வளர்க்கிறார்களாமே, இயற்கையை மனிதனால் சரிசெய்ய முடியுமா?
- கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: ஓரளவு முடிகிறது தம்பி, ஆனால் முதலில் உடைப்பதை நிறுத்த வேண்டும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல காலம் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம், அலைக்குத் தடுப்பு போய் அங்குள்ள 21 தீவுகளில் 2 மூழ்கியே விட்டன. 2005 வாக்கில்தான் வெட்டுவது நின்றது. உங்கள் ஊர் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உயிருள்ள பவளத்திலிருந்து சின்னத் துண்டுகளை எடுத்து, சிமென்ட் பலகையில் கட்டி, கடலடியில் வைத்து வளர்க்கிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால் துளை போட்ட கான்கிரீட் கட்டிகளையும் இறக்கினார்கள், அலையின் வேகம் குறைய. சரி, இதெல்லாம் போதுமா? போதாது. 2016 கோடையில் கடல் சூடேறி, பவளம் வெளுத்து ஏராளமாகச் செத்தது. சூட்டைக் குறைக்காமல் நட்டுக்கொண்டே இருந்தால், புஷ்ஷை விட்டுவிட்டு கப்ளரை மாற்றிய கதைதான்.

கேள்வி: பூர்வீக வீட்டுப் பங்கில் தகராறு, அண்ணனோடு பேச்சே இல்லை. கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. நானே போய்ப் பேசலாமா?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: போங்கள், தயங்காதீர்கள். முதல் நாளே பங்கைப் பற்றி வாயெடுக்க வேண்டாம், அண்ணியிடம் நலம் விசாரியுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள், கிளம்பி வந்துவிடுங்கள். யார் சொன்ன எந்தச் சொல் சுட்டது என்று உங்கள் இருவருக்குமே தெரியும், அதை அண்ணனே எடுத்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம் இருவருக்கும் சம்மதம் என்றால் உங்கள் வக்கீலிடம் சொல்லி வழக்கை சமரச மையத்துக்கோ, லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்துக்கோ மாற்றக் கேட்கலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும், அதன்மேல் அப்பீலும் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டின் அளவு, வழி, கிணற்றுப் பாத்தியதை எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று அண்ணனும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.