‘டோக்கியோ ஸ்டோரி’யில் கதை எங்கே இருக்கிறது?

ஒன்றுமே நடக்கவில்லை என்று ‘டோக்கியோ ஸ்டோரி’யை நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, கதை எங்கே என்று கேட்கிறீர்கள். கதை ஒரு காற்றுத் தலையணையில் இருக்கிறது; நீங்கள் நிறுத்தியபோது, அது நடந்து முடிந்திருந்தது. ஜப்பானிய இயக்குநர் ஓசு 1953இல் எடுத்த இப்படத்தின் தொடக்கத்தில், பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ புறப்படும் முதியவர், தலையணையை மனைவியிடம் கொடுத்துவிட்டதாகச் சாதிக்கிறார். இங்கே இல்லை என்கிறார் மனைவி. கடைசியில் அவரே அதைத் தம்மிடம் கண்டெடுக்கிறார். சச்சரவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நெடுங்காலத் தாம்பத்தியம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.

எப்போது கலங்க வேண்டும் என்று பின்னணி இசை சொல்லித்தரும் படங்களுக்கு நம் கண் பழகியிருப்பதே சிக்கலின் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே கேமரா பெரும்பாலும் அசைவதேயில்லை. பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் தாழ்வாக இருந்து பார்க்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். தொடக்கத்தில் சன்னலோரம் வந்து பேசும் பக்கத்து வீட்டுப் பெண்மணியை நினைவில் வைத்துக்கொண்டு, இறுதியில் அவர் மீண்டும் அதே சன்னலுக்கு வரும்போது அறைக்குள் யார் இல்லை என்று கவனியுங்கள். படம் நெடுகிலும் விசிறிகள் ஆடுவதையும் பாருங்கள்; அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் மின்சாரம் போன பிற்பகலை அறிந்த நமக்கு அந்தப் புழுக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வேகத்தைக் கூட்டி ஓட்டாதீர்கள். பகல் முழுதும் உழைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு இதைத் தொடங்கினால், எனக்கும் தூக்கம்தான் வரும்.