பங்குனியில் எண்ணூர்ப் பக்கம் பறவை பார்க்கப் போகலாமா?
“மார்ச் வந்தாச்சு, சீசன் முடிஞ்சிருக்குமே, எண்ணூர் கழிமுகம், பழவேற்காடு போய் என்ன பயன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். என்னைக் கேட்டால் டிசம்பரைவிட இப்போதுதான் சுவாரசியம்.

குளிர்காலத்தில் வலசை வந்து சேற்றில் மேயும் உள்ளான்கள் (கரையோரச் சிறு பறவைகள்) பெரும்பாலும் ஒரே சாம்பல். எது எதுவென்று பிரிப்பதற்குள் தலை சுற்றும். சைபீரியாவுக்குக் கிளம்பும் முன்போ இனப்பெருக்கத்துக்கான இறகு முளைக்கும். வளைந்த அலகுள்ள ஒரு வகை உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கறுக்கும். பாதி மாறியவை திட்டுத்திட்டாக, பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். நெடும்பயணத்துக்குக் கொழுப்பும் சேர்க்க வேண்டும், அதனால்தான் ஓயாத மேய்ச்சல். படத்துக்காகத் துரத்திப் பறக்கவிடாதீர்கள்.

கடல் ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். பூநாரை நிச்சயமில்லை. அவ்வளவு தூரம் முடியாதா? சரி, தண்டையார்பேட்டையிலேயே காக்காக் கூட்டைக் கவனியுங்கள். முட்டையிடப் பக்கத்திலேயே குயில் சுற்றும்.