41 நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் அடிக்கடி சொல்வீர்கள். அதை நம்பி முதல் புத்தகமான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’கை எடுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. சிரிப்பு வந்த இடங்கள் உண்டு. ஆனால் யார் எதற்காக ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது என்று விசாரித்தால் ஒருவர் வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் அம்புக்குறிகளால் நிரம்பிய ஒரு வரைபடத்தை அனுப்பினார், அதைப் பார்த்ததும் இருந்த ஆசையும் போய்விட்டது. மொத்தம் 41 நாவல்களாம். எனக்கு ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும். கூடவே இன்னொன்று: என் மகளுக்குப் பத்து வயது, நன்றாகப் படிப்பாள். அவளுக்கும் இதில் ஏதாவது தேறுமா?

எம். ஆர்.

அன்புள்ள எம். ஆர்.,

‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ 1989இல் வந்தது, வரிசையில் எட்டாவது. அவசரமாக இருந்தால் இத்தோடு நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

முதல் புத்தகம் உங்களிடம் நிற்காமல் போனதில் உங்கள் குறை ஒன்றுமில்லை. ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ வெளிவந்தது 1983இல். அப்போது பிராட்செட் பிரிட்டனின் மின்சார வாரியத்தில் அணுமின் நிலையங்களுக்காகப் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார், வேலை முடிந்து வந்துதான் எழுத்து. அது ஒரே கதையாக ஓடும் நாவலே அல்ல, நான்கு கதைகளைக் கோத்தது. அந்த நான்கும் அந்தக் காலத்து வாளும் மந்திரமுமான சாகசக் கதைகளைக் கிண்டல் செய்கின்றன. புஜபல பராக்கிரம நாயகன், டிராகன் மேல் சவாரி செய்யும் குலங்கள், பாழடைந்த கோயிலில் உறங்கும் பெயர் சொல்லக் கூடாத பூதம், இதெல்லாம் அன்றைய ஆங்கில வாசகர்களுக்கு அத்துப்படி. அவற்றைப் படிக்காத ஒருவருக்குக் கிண்டல் நடக்கிறது என்பது தெரியும், யாரை என்பது தெரியாது. அப்புறம் எங்கிருந்து சிரிப்பது? போதாக்குறைக்கு, கதாநாயகன் ரின்ஸ்விண்ட், மந்திரம் தெரியாத மந்திரவாதி, புத்தகத்தின் முடிவில் உலகத்தின் விளிம்பிலிருந்து கீழே விழுகிறான், அவ்வளவுதான், முற்றும். என்ன ஆனான் என்று தெரிய 1986இல் வந்த ‘தி லைட் ஃபென்டாஸ்டிக்’கைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் அந்த உலகத்தின் அமைப்பு அதில்தான் முதலில் வருகிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தட்டையான வட்ட உலகம், அதைத் தாங்கும் நான்கு யானைகள், யானைகளைத் தாங்கிக்கொண்டு விண்வெளியில் நீந்திப் போகும் ஒரு பெரிய ஆமை. கூர்மாவதாரம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. பிராட்செட்டின் கை தெரிவது அடுத்த அடியில்தான். அந்த உலகின் விளிம்பில் ஒரு நாடு இருக்கிறது, அதன் அறிஞர்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டும் கேள்வி ஆமை ஆணா பெண்ணா என்பது. அதைக் கண்டுபிடிக்க ஒரு விண்கலமே கட்டுகிறார்கள்! இந்த அளவு உங்களுக்குத் தெரிந்தால் போதும், இதற்காக முதல் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்பவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இது 41 பாகம் கொண்ட ஒரே கதை அல்ல. ஒரே உலகத்தில் நடக்கும் தனித்தனிக் கதைகள், ஒவ்வொன்றும் அதனதன் அட்டைக்குள் முடிந்துவிடும். மந்திரவாதிகளுக்கு ஒரு கிளை, சூனியக்காரிகளுக்கு ஒன்று, மரணம் என்கிற பாத்திரத்துக்கு ஒன்று, ஆங்க்-மார்ப்பார்க் நகரத்துக் காவல்படைக்கு ஒன்று. உங்கள் நண்பர் அனுப்பிய வரைபடத்தின் அம்புகள் காட்டுவது இந்தக் கிளைகளைத்தான். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த நகரம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறிக்கொண்டே போகிறது. 2000இல் வந்த ‘தி ட்ரூத்’தில் அச்சும் செய்தித்தாளும் வருகின்றன, 2004இன் ‘கோயிங் போஸ்டல்’லில் செத்துக் கிடந்த தபால்துறையை ஒரு மோசடிப் பேர்வழியிடம் கொடுத்து உயிர்ப்பிக்கச் சொல்கிறார்கள், 2013இல் ரயிலே வந்துவிடுகிறது. இதை வரிசையாகப் பார்ப்பது தனி சுகம். ஆனால் அந்தச் சுகம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு. உங்களை முதலில் மாட்டவைக்க வேண்டும், அதற்கு எட்டாவது புத்தகம்தான் சரி.

சாகசக் கதைகளில், சினிமாவிலும்தான், அரண்மனைக் காவலர்கள் என்று ஒரு கூட்டம் வரும் இல்லையா? அறைக்குள் ஓடி வருவார்கள், நாயகன்மேல் ஒவ்வொருவராகப் பாய்வார்கள், ஒவ்வொருவராகச் சாவார்கள். அவர்களுக்கு இதில் சம்மதமா என்று யாரும் கேட்டதே இல்லை என்று சொல்லி, புத்தகத்தை அவர்களுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார் பிராட்செட். நாவலும் அவர்களைப் பற்றியதுதான். இரவுக் காவல்படையின் தலைவர் ஸாம் வைம்ஸ் குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்து கிடக்கும்போது நமக்கு அறிமுகமாகிறார். படையில் அவரையும் சேர்த்து மூன்றே பேர்தான் மிச்சம், வேலையும் கிடையாது. ஏனென்றால் நகரை ஆளும் வெட்டினாரி திருட்டை ஒழிக்க முடியாது என்று கண்டுகொண்டு அதைச் சட்டபூர்வமாக்கிவிட்டார். திருடர் சங்கம் இருக்கிறது, ஆண்டுக்கு இவ்வளவு திருட்டு என்று ஒதுக்கீடு இருக்கிறது, பறிகொடுத்தவருக்கு ரசீது தருவார்கள். அனுமதி இல்லாமல் திருடுகிறவனைச் சங்கமே கவனித்துக்கொள்ளும், அது காவல்படை கவனிப்பதைவிடப் பல மடங்கு பயங்கரமாக இருக்கும்.

இந்த ஊருக்கு கேரட் என்று ஒரு இளைஞன் வந்து சேர்கிறான். சுரங்கத்தில் குள்ளர்கள் எடுத்து வளர்த்த மனிதக் குழந்தை. ஆறடிக்கு மேல் வளர்ந்தும் தன்னைக் குள்ளன் என்றே நினைக்கிறான். குள்ளர்களுக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது, அதனால் இவன் எதையும் நேர்பொருளில்தான் எடுத்துக்கொள்வான். வரும் வழியிலேயே நகரத்தின் பழைய சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, வந்ததும் முதல் காரியமாகத் திருடர் சங்கத் தலைவரைத் திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்கிறான்! யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டத்தில் அப்படித்தானே இருக்கிறது?

இன்னொரு பக்கம் ஒரு ரகசிய சபை. சுவருக்குப் பூச்சு வேலை செய்கிறவர், சின்னக் கடைக்காரர் என்று அண்டை வீட்டான்மேல் வயிற்றெரிச்சல் தவிர வேறு லட்சியம் இல்லாத ஆட்கள். இவர்கள் நூலகத்திலிருந்து திருடிய ஒரு புத்தகத்தை வைத்து டிராகனை வரவழைக்கிறார்கள். சபை கூடும் முதல் காட்சியில் ஒருவர் மழையில் நனைந்துகொண்டே கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நீண்ட ரகசியச் சொல்லை வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போகிறார், எங்கேயோ இடிக்கிறது. கடைசியில் பார்த்தால் அது வேறொரு ரகசிய சபையின் கதவு, அவர் வீடு மாறி வந்துவிட்டார். ஆனால் இந்தச் சிரிப்பு மட்டுமே என்றால் நான் உங்களுக்கு இந்தப் புத்தகத்தைச் சொல்லவே மாட்டேன். டிராகன் வந்த பிறகு அதே ஊர்க்காரர்கள் அதற்கு எப்படிப் பழகிப் போகிறார்கள், எதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள் என்று எழுதும் இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். அப்புறம் முடிவு. ஊரைக் காப்பாற்றிய காவல்படையிடம் என்ன பரிசு வேண்டும் என்று வெட்டினாரி கேட்கிறார். எல்லோரும் கூடிக் கூடிப் பேசி, ரொம்பக் கூச்சத்தோடு, கொஞ்சம் சம்பள உயர்வும் ஒரு புதுக் கெட்டிலும் கேட்கிறார்கள். பிறகு, அதிகமாகக் கேட்கிறோமோ என்ற பயத்தோடே, ஒரு டார்ட் போர்டும். இந்த இடத்தைச் சொல்லிவிட்டதால் ஒன்றும் கெட்டுவிடாது, தெரிந்துகொண்டு படித்தாலும் அந்தப் பக்கம் அப்படியே வேலை செய்யும்.

பிடித்திருந்தால் நேராக ‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993). வைம்ஸின் புகழ்பெற்ற பூட்ஸ் கணக்கு அதில்தான் வருகிறது. மாதம் 38 டாலர் சம்பளக்காரன் அவன். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், பல வருடம் உழைக்கும். அவனால் முடிந்தது 10 டாலர் பூட்ஸ், ஓரிரு பருவத்தில் அடி தேய்ந்து தண்ணீர் உள்ளே வரும், மறுபடி 10 டாலர். நல்ல பூட்ஸ் உழைக்கிற காலத்துக்குள் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான், அப்போதும் அவன் கால் ஈரமாகத்தான் இருக்கும். பணக்காரன் பணக்காரனாக இருப்பதற்குக் காரணம் அவனுக்குச் செலவு குறைவு என்பதே, இது வைம்ஸின் முடிவு. 2022இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் பண்டங்களின் விலையேற்றத்தைக் கணக்கிட ஒரு குறியீடு முன்வைக்கப்பட்டபோது அதற்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரையே வைத்தார்கள், பிராட்செட்டின் வாரிசுத் தரப்பும் சம்மதித்தது.

காவல்படை என்றாலே உங்களுக்கு ஒவ்வாது என்றால் மட்டும் ‘ஸ்மால் காட்ஸ்’ (1992). முன்னும் பின்னும் எதுவும் படிக்க வேண்டாத நாவல். ஓம் என்ற பெரிய கடவுள் பூமிக்கு வருகிறார், வந்து பார்த்தால் சாதாரண ஆமை உடம்பில் இருக்கிறார். அவர் பெயரால் ஒரு பேரரசு நடக்கிறது, விசாரணை மன்றமும் சித்திரவதைக் கூடமும் உண்டு, ஆனால் எல்லோரும் நம்புவது அமைப்பை. கடவுளை உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருத்தன், புரூதா, தோட்ட வேலை செய்யும் மடத்துப் பையன், எழுதப் படிக்கத் தெரியாது, பார்த்தது எதையும் மறக்கத் தெரியாது. அவன் ஒருவனுக்குத்தான் ஆமை பேசுவது கேட்கும். கடவுள் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இரண்டு பேருமே இதைத் தங்கள் கட்சிப் புத்தகம் என்று சொல்லிக்கொள்வார்கள். எழுத்தாக இதுதான் அவருடைய மிகச் சிறந்த நாவல் என்பது என் எண்ணம். பிறகு ஏன் இதை முதலில் சொல்லவில்லை என்றால், இது தொடரின் கதவு அல்ல, தனி வீடு. இதைப் படித்துவிட்டு ஆங்க்-மார்ப்பார்க் போக வேண்டும் என்ற ஆசை வராது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ‘மோர்ட்’ (1987), மரணம் ஒரு பையனை வேலை பழக்க வைத்துக்கொள்ளும் கதை, சின்னப் புத்தகம், நல்ல புத்தகம். சூனியக்காரிகளுக்கு ‘வியர்ட் ஸிஸ்டர்ஸ்’ஸில் தொடங்குங்கள், ‘ஈக்வல் ரைட்ஸ்’ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ‘நைட் வாட்ச்’ (2002) தான் உச்சம் என்று நிறையப் பேர் சொல்வார்கள், தயவுசெய்து அதில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். வைம்ஸ் முப்பது வருடம் பின்னால் போய் விழும் கதை அது, போவதற்கு முன் அவருக்கு என்னென்ன கிடைத்திருந்தது என்று தெரிந்தால்தான் இழப்பு உறைக்கும். கடைசிப் புத்தகங்களுக்கு அவசரமே இல்லை. 2007இல் அவருக்கு அல்சைமரின் ஓர் அரிய வகை என்று தெரியவந்தது, தட்டச்சு செய்ய முடியாமல் போய் வாயால் சொல்லிச் சொல்லித்தான் பிற்பாடு எழுதினார், 2014 கோடை வரை நிறுத்தவில்லை, 2015 மார்ச்சில் இறந்தார். அந்த நாவல்களில் வாக்கியங்கள் தளர்ந்திருக்கின்றன, பாத்திரங்கள் பிரசங்கம் செய்கிறார்கள். அவரை நேசிக்கத் தொடங்கிய பிறகு அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான், அதற்கு முன் அல்ல.

படிக்கும்போது இரண்டு விஷயம். பெரும்பாலான நாவல்களில் அத்தியாயப் பிரிவே கிடையாது, இந்த அத்தியாயத்தோடு தூங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, எங்கே தோன்றுகிறதோ அங்கே மூடிவையுங்கள். அடிக்குறிப்புகளை மட்டும் விடவே கூடாது, பாதி நகைச்சுவை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மற்றபடி பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டுமே புரிகிற சிலேடைகள் வரும், எனக்கும் பல இன்றுவரை புரிந்ததில்லை. நின்று யோசிக்காமல் தாண்டிப் போங்கள், அடுத்த பக்கத்தில் இன்னொன்று வரும்.

உங்கள் மகளுக்கு ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003). இதில் அத்தியாயங்களும் உண்டு. டிஃபனி ஏக்கிங், ஒன்பது வயது, ஆடு மேய்க்கும் குடும்பம். அரையடி உயரத்தில் நீல நிறத்தில் ஒரு கூட்டம் வரும், அவர்களுக்குக் குடி, அடிதடி, திருட்டு மூன்றும்தான் தொழில். அவர்கள் பேசும் ஸ்காட்லாந்து வாடை அடிக்கும் ஆங்கிலம் முதலில் தடுக்கும், நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டினால் சரியாகிவிடும். ஆரம்பத்திலேயே ஓடையிலிருந்து ஒரு பூதம் எட்டிப் பார்க்கிறது. டிஃபனி அலறவில்லை, வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறாள். அந்தப் பூதத்துக்கு சூப் தட்டு அளவு கண்கள் என்று போட்டிருக்கிறது. உடனே சூப் தட்டை எடுத்து அளந்து பார்க்கிறாள், எட்டு அங்குலம். பிறகு தம்பியைத் தூண்டில் இரையாக உட்காரவைத்துவிட்டு வாணலியோடு காத்திருக்கிறாள். இந்த இடத்தில் உங்கள் மகள் சிரித்தால் டிஃபனிக்கு இன்னும் நான்கு புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றை மட்டும் வரிசையாகவே கொடுங்கள், டிஃபனிக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் வயது கூடுகிறது.