கூடாரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? சுவிசேஷ சபைகளும் முதலாளித்துவமும்: கேள்வி பதில்

நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன். சபை வரலாறு படிப்பது முப்பது வருடப் பழக்கம். "அமெரிக்காவில் வேதத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்களே பெரிய கம்பெனிகளுக்கும் கொடி பிடிக்கிறார்களே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். அதைத் தொட்டு இன்னும் பலர் கேட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ஐயா, 'இவாஞ்சலிக்கல்' என்றால் யார்? எல்லா புராட்டஸ்டன்ட்டுகளுமா? (கல்லூரி மாணவி, கோவை)

இல்லை அம்மா. வேதமே கடைசி வார்த்தை, சிலுவையில்தான் இரட்சிப்பு, ஒவ்வொருவரும் தனித்தனியாக மனந்திரும்பி மறுபடியும் பிறக்க வேண்டும், பிறகு அதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். இந்த நான்கையும் அழுத்திச் சொல்கிறவர்கள்தான் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த எழுப்புதல்களிலிருந்து, அதாவது ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பக்திக்குத் திரும்பிய இயக்கங்களிலிருந்து, வந்தவர்கள். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் என்று பல சபைகளுக்குள்ளும் இருக்கிறார்கள். 'தனித்தனியாக' என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புராட்டஸ்டன்ட்டுகள்தான் முதலாளித்துவத்தையே உண்டாக்கினார்கள் என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னதாகப் படித்தேன். அது சரியா? (வங்கி ஊழியர், மதுரை)

வேபர் அப்படிச் சொல்லவில்லை. 1904, 1905இல் வந்த அவருடைய கட்டுரைகளின் கேள்வி வேறு. லாபம் பார்ப்பது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் கிடைத்த லாபத்தைச் செலவழித்துக் கொண்டாடாமல், வேலையையே கடவுள் தந்த அழைப்பாக எண்ணி, திரும்பத் திரும்பத் தொழிலிலேயே போடுகிற மனப்போக்கு எங்கிருந்து வந்தது? கால்வின் என்ற சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய கால்வினியர்களிடமும், அந்த வழியில் வந்த கண்டிப்பான ஆங்கிலேயப் புராட்டஸ்டன்ட்டுகளான பியூரிட்டன்களிடமும் அதன் வேர் இருக்கிறது என்றார். புராட்டஸ்டன்ட் சபை பிறப்பதற்கு முன்பே ஃபிளாரன்ஸிலும் வெனிஸிலும் கத்தோலிக்க வணிகர்கள் வட்டிக் கணக்கும் பேரேடும் வைத்துச் செழித்தார்களே என்ற மறுப்பும் வலுவானதுதான். நான் வேபரைப் பாதிதான் ஏற்கிறேன்.

எனக்கு அவரைவிட ஜான் வெஸ்லிதான் முக்கியம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அவர் பணத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார், அது 1760இல் அச்சானது. முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்று மூன்று பகுதி. வயதான காலத்தில் அவருக்கு ஒரு பயம் வந்தது. பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வருகின்றன, அவை செல்வத்தைக் கொண்டுவருகின்றன, செல்வம் வந்ததும் பக்தி போய்விடுகிறதே என்று எழுதினார். வேபரும் இதை எடுத்துக்காட்டுகிறார். வெஸ்லியின் பெயரைச் சொல்லிக்கொண்டு முதல் இரண்டு பகுதியோடு நிறுத்திக்கொண்டவர்களின் வரலாறுதான் இந்த விஷயத்தில் பாதி.

அப்படியானால் அமெரிக்காவில் இந்தக் கூட்டு எப்போது ஆரம்பித்தது? (தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

சபை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: கூடாரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? எழுப்புதல் கூட்டம் நடக்கும் கூடாரத்தைச் சொல்கிறேன். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும்.

முதலில் அமெரிக்க எழுப்புதல் பிரசங்கி டி. எல். மூடி. சித்தப்பாவோ மாமாவோ, உறவினர் ஒருவருடைய பாஸ்டன் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர், அந்தக் கடையிலேயே மனந்திரும்பியவர். 1875இன் கடைசியில் பிலடெல்பியாவில் அவருடைய கூட்டங்கள் தொடங்கியபோது, இடம் ஒரு பழைய ரயில்வே சரக்குக் கிடங்கு. துணி வியாபாரி ஜான் வனமேக்கர் அதைப் பெரிய கடையாக்க வாங்கி வைத்திருந்தார். மூடிக்காக முதலில் அதைக் கூட்டத்துக்குக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் மண்டியிட்ட அதே கூரைக்கு அடியில் சில மாதம் கழித்துச் சட்டையும் கோட்டும் விற்றார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, வனமேக்கர் உண்மையான விசுவாசி. ஆனால் மூடியின் செய்தியைப் பாருங்கள். உலகம் உடைந்த கப்பல், என் கையில் கடவுள் ஓர் உயிர்காக்கும் படகைத் தந்திருக்கிறார், முடிந்தவரை ஆட்களை ஏற்றுவதே என் வேலை என்றார். மூழ்கும் கப்பலில் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை என்று யார் கேட்பார்கள்? மில் முதலாளிக்குத் தொந்தரவு தராத பிரசங்கம் அது.

அடுத்து எண்ணெய்ப் பணம். யூனியன் ஆயில் கம்பெனியின் லைமன் ஸ்டூவர்ட்டும் அவர் சகோதரரும் பணம் போட்டு, 1910 முதல் 1915 வரை 'த ஃபண்டமென்டல்ஸ்' என்ற பெயரில் 12 தொகுதிகளை அச்சிட்டுப் போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாக அனுப்பினார்கள். 'ஃபண்டமென்டலிஸ்ட்' என்ற சொல்லே இந்தத் தலைப்பை ஒட்டி வந்ததுதான்.

ஆனால் உண்மையான திருப்பம் 1930களில். பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியில் முதலாளிகளின் பெயர் கெட்டுப்போனது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் என்ற அரசு நிவாரணத் திட்டம் வந்தது, தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. முதலாளிகள் தங்களைத் தாங்களே புகழ்ந்து விளம்பரம் செய்தால் ஜனங்கள் நம்பவில்லை. போதகர் சொன்னால் கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் பணக்காரச் சபை ஒன்றின் போதகர் ஜேம்ஸ் ஃபைஃபீல்ட் 1935இல் 'ஸ்பிரிச்சுவல் மொபிலைசேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1940 டிசம்பரில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் தேசிய உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்டத்தில் பேசி, தொழிலதிபர்களின் கைத்தட்டலை அள்ளினார். சன் ஆயில் தலைவர் ஹோவர்ட் பியூ போன்றவர்கள் பணம் கொடுத்தார்கள். வாதம் எளிமையானது: இரட்சிப்பு தனித்தனி ஆளுக்குத்தான், ஆகவே பொருளாதாரமும் தனித்தனி ஆளின் பாடு, வரி போட்டு எடுத்துக் கொடுக்கும் அரசாங்கம் 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளையை மீறுகிறது. நான் நினைவில் வைக்கச் சொன்ன சொல் இங்கேதான் வேலை செய்கிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. இந்த ஃபைஃபீல்ட் சுவிசேஷப் போதகரே அல்ல, வேதத்தைத் தாராளமாக வாசித்தவர். வேதம் வாசிப்பது மீன் சாப்பிடுவது போல, முள்ளை எடுத்துவிட்டுச் சதையைச் சாப்பிட வேண்டும் என்று சொன்னவர். எந்தெந்த வசனங்கள் அவருக்கு முள்ளாகத் தெரிந்தன என்பதை, அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வந்தவர்களின் சட்டைப் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு எழுத்தும் தேவ வார்த்தை என்று நம்பிய சுவிசேஷ சபைகள் அவருடைய பொருளாதாரத்தை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டன. பிரபல எழுப்புதல் பிரசங்கி பில்லி கிரகாமும் நண்பர்களும் 1956இல் 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகையைத் தொடங்கியபோது பெரும் பணம் அதே ஹோவர்ட் பியூவிடமிருந்து வந்தது. அப்போது ரஷ்யாவோடு பனிப்போர் வேறு. நாத்திகக் கம்யூனிசத்துக்கு எதிரி யார் என்றால் கிறிஸ்துவும் சந்தையும் ஒரே அணி என்று ஆகிவிட்டது.

டாலர் நோட்டில் 'கடவுளை நம்புகிறோம்' என்று இருப்பதும் இதனால்தானா? (துபாயிலிருந்து ஒருவர்)

நாணயத்தில் அது 1864இலேயே, உள்நாட்டுப் போர்க்காலத்தில் வந்துவிட்டது. எல்லா நோட்டிலும் காசிலும் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1955இல், தேசிய முழக்கமானது 1956இல், காகித நோட்டில் அச்சானது 1957 முதல். கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொல் சேர்ந்தது 1954. நாணயம் போக மற்றதெல்லாம் அந்த ஒரே பத்தாண்டு. உங்கள் கையில் ஒரு டாலர் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள், நடுவில் பெரிய எழுத்தில் இருக்கும் 'ஒன்' என்ற சொல்லுக்கு நேர் மேலே அந்த வரி இருக்கும்.

தோழர், நான் தொழிற்சங்கக்காரன். மதம் எப்போதும் முதலாளி பக்கம்தான். இதைச் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்ளுங்களேன். (ஆவடி)

தோழர், ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் இயக்கத்தின் சொந்த வரலாற்றிலிருந்தே காரணம் சொல்கிறேன். 1833இல் இங்கிலாந்தின் டால்படில் கிராமத்தில் பண்ணைக் கூலி வாரத்துக்கு 7 ஷில்லிங்கிலிருந்து 6 ஆகப் போகிறது என்றபோது ஆறு தொழிலாளர்கள் சங்கம் அமைத்து இரகசிய உறுதிமொழி எடுத்தார்கள். அதற்காக 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு ஏழு ஆண்டு நாடு கடத்தப்பட்டார்கள். நாடே கொதித்தது, 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்ட் பிரசங்கி. கூட்டம் கூட்டுவதையும் கோர்வையாகப் பேசுவதையும் சந்தா பிரித்துக் கணக்கு வைப்பதையும் அவரைப் போன்ற கூலிகள் ஜெபக் கூட்டத்தில்தான் கற்றார்கள்.

ஷாப்ட்ஸ்பரி பிரபு இன்னொருவர், உறுதியான சுவிசேஷக் கிறிஸ்தவர். பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த பையன்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற 1842ஆம் ஆண்டுச் சட்டம் அவர் போராடிக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1896இல் 'மனித குலத்தைப் பொன் சிலுவையில் அறையாதீர்கள்' என்று, தங்கத்தை மட்டுமே பணத்துக்கு அளவாக வைத்த வங்கிக்காரர்களுக்கு எதிராக முழங்கிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், 1925இல் டென்னசியில் பரிணாமக் கொள்கைக்கு எதிராக வாதாட நின்ற அதே பிரையன்தான்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சண்டையில் பிரிந்து 1845இல் உருவானது அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபை. அது மன்னிப்புக் கேட்டது 1995இல். நூற்றைம்பது வருடம்.

கறுப்பினச் சபைகளும் இதே விசுவாசம்தானே? அவர்கள் ஏன் வேறு பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள்? (டொரண்டோ)

நல்ல கேள்வி. அதே வேதம், அதே மறுபிறப்பு, அதே பாட்டு. ஆனால் எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்களின் விடுதலையைச் சொல்லும் யாத்திராகமத்தை அவர்கள் செங்கல் சுமந்தவர்களின் பக்கத்திலிருந்து வாசித்தார்கள். பாப்டிஸ்ட் போதகரான மார்ட்டின் லூதர் கிங் 1968இல் மெம்பிஸ் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே அவர் போனது குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காக. உபதேசத்திலேயே முதலாளித்துவம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால்தான் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொல்கிறேன்.

சார், விசுவாசித்துக் கொடுத்தால் செல்வம் பெருகும் என்ற செழிப்பு உபதேசமும் இதில் சேருமா? டிவியில் 'விதை விதையுங்கள்' என்கிறார்களே. (தூத்துக்குடி, இல்லத்தரசி)

சேரும் அம்மா, ஆனால் ஒரு பெரிய மாற்றத்தோடு. மூடி காலத்திலும் பியூ காலத்திலும் கூடாரத்துக்குப் பணக்காரர் காசு கொடுத்தார். டிவி வந்த பிறகு ஏழை கொடுக்கிறார்.

அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் 'விசுவாச விதை' என்ற போதனையைப் பரப்பினார்: கடவுளுக்குக் கொடுப்பது விதை, பல மடங்காகத் திரும்பி வரும். 1987இல், 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் என்னை எடுத்துக்கொள்வார் என்று நேயர்களிடம் சொன்னார். ஜிம் பேக்கர் தென் கரோலினாவில் 'ஹெரிடேஜ் யுஎஸ்ஏ' என்ற கிறிஸ்தவக் கேளிக்கைப் பூங்காவைக் கட்டினார். ஆயிரம் டாலர் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு மூன்று இரவு தங்கலாம் என்று திட்டம். இருந்த அறைகளுக்குத் தாங்காத அளவு ஆட்களுக்கு அதை விற்றார். 1989இல் மோசடிக் குற்றத்துக்கு 45 வருடத் தண்டனை, பிறகு அது குறைந்து 1994இல் வெளியே வந்தார். சிறையில்தான் வேதத்தை முழுவதுமாக வாசித்தேன், நான் போதித்தது தவறு என்று அவரே பிறகு எழுதினார்.

என் சின்னம்மா விதவை. தொண்ணூறுகளில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனார். ரோஸ் நிறக் கவர் ஒன்று கொடுத்தார்கள். மேலே 'நூறத்தனையாய்' என்ற வார்த்தை, கீழே தொகை எழுத ஒரு கோடு, அதற்கும் கீழே 'உங்கள் தேவை' என்று மூன்று கோடு. மகனுக்கு வேலை என்று முதல் கோட்டில் எழுதி, அவனுடைய டிப்ளமோ கடைசித் தவணைக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டுவிட்டார். அவன் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. கடிதம் போட்டுக் கேட்டதற்கு, விசுவாசத்தில் குறைவு இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள் என்று அச்சடித்த பதில் வந்தது. சின்னம்மா அதை நம்பினார். குறை தன்னிடம்தான் என்று சாகும்வரை நம்பினார். முதலீடு நஷ்டமானால் பங்குச் சந்தையில்கூட முதலீட்டாளரின் பக்தியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கொரியாவிலும் பிரேசிலிலும் இது பரவியதே? (திருச்சி)

ஆம். சியோலில் 1958இல் ஒரு கூடாரத்தில் டேவிட் யோங்கி சோ தொடங்கிய சபை உலகின் மிகப்பெரிய சபைகளில் ஒன்றானது. நாடு பஞ்சத்திலிருந்து தொழில் வளத்துக்கு ஏறிய அதே வருடங்கள், அதனால் ஆசீர்வாதப் போதனையை ஜனங்கள் கண்ணாலேயே கண்டதாக உணர்ந்தார்கள். 2014இல் சபைப் பண முறைகேட்டில் அவர் தண்டனை பெற்றார். பிரேசிலில் எடிர் மசேடோ 1977இல் தொடங்கிய சபை பெரிதாகி, அவர் 1989இல் ஒரு டிவி நிறுவனத்தையே வாங்கினார்.

எங்கள் சபையில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்காதவர் சாபத்துக்கு உள்ளானவர் என்று வேதத்தில் மல்கியா 3ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். என் சம்பளம் மாதம் 14,000. வாடகை, அம்மாவின் மருந்து போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. என்ன செய்ய? (திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி)

தம்பி, வாடகையையும் அம்மாவின் மருந்தையும் முதலில் பார். அதில் எந்தச் சாபமும் இல்லை. அப்புறம் அந்த அதிகாரத்தை 8ஆம் வசனத்திலிருந்து தொடங்காமல் 5ஆம் வசனத்திலிருந்து வாசி. கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு விரோதமாகத் தீவிரமான சாட்சியாக இருப்பேன் என்று அங்கே தேவன் சொல்கிறார். உபாகமம் 14இன் கடைசி இரண்டு வசனங்களையும் பார்: மூன்றாம் வருடத் தசமபாகம் ஆலயப் பணி செய்யும் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்கு. உன் வீட்டில் ஒரு நோயாளித் தாய் இருக்கிறார். அடுத்த சபைக் கூட்டத்தில் இந்த இரண்டு பகுதியையும் சத்தமாக வாசித்துவிட்டு, போன வருடம் வந்த காணிக்கையில் எவ்வளவு விதவைகளுக்குப் போனது என்று மரியாதையாகக் கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு.